எந்த வீட்டைப் பார்ப்பது?

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குச் செல்லும் வாசகர்கள் பெரும்பாலும் ஒரு நாவலையோ திரைப்படத்தையோ மனத்தில் சுமந்துகொண்டே செல்கிறார்கள். 'கான் வித் த விண்ட்' படத்தில் வரும் டாரா மாளிகையை அட்லாண்டாவில் தேடுவோர் இன்றும் உண்டு. அப்படியொரு வீடு எங்குமே இருந்ததில்லை. படத்தில் கண்டது படப்பிடிப்புக்காக எழுப்பிய முகப்பு. மார்கரெட் மிட்சல் அந்நாவலின் பெரும்பகுதியை எழுதியது அட்லாண்டாவின் ஒரு சிறிய வாடகைக் குடியிருப்பில்தான். அதை அவர் 'குப்பைமேடு' என்றே அழைத்தார்!

டாரா இல்லாவிட்டால் என்ன, லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றையொட்டிய சாலையில் அசல் தோட்ட மாளிகைகள் பல இருக்கின்றன. சுற்றுலாவினர் முதலில் நாடுவது ஓக் ஆலியை. இருபுறமும் 28 ஓக் மரங்கள் கிளைகோத்து நிற்க, அவற்றின் முடிவில் 1839இல் கட்டி முடிக்கப்பட்ட தூண் மாளிகை. அழகில் குறை சொல்ல ஏதுமில்லை. அடிமைகளின் குடில்களையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் வந்தவர்களின் கால்கள் என்னவோ மரங்களின் பக்கமே போகின்றன.

அங்கிருந்து சில மைல் தொலைவில் விட்னி தோட்டம். ஒன்றைத்தான் பார்க்க நேரமுண்டு என்று கேட்போருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சீரமைத்து, 2014 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. எசமானரின் வீடு அங்கேயும் உண்டு. ஆனால் கதை அவருடையதன்று. லூசியானாவில் அடிமைப்பட்டிருந்த ஒரு லட்சத்து ஏழாயிரம் பேரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. க்வெண்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களிலிருந்து பல்லாண்டு உழைத்துத் தொகுத்தவை. பலருக்குக் குடும்பப் பெயர்கூட இல்லை. இன்னொரு மூலையில், அந்த வட்டாரத்தில் அடிமைகளாகப் பிறந்து இளமையிலேயே மாண்ட 2200 குழந்தைகளுக்கு ஒரு நினைவிடம். தேவாலயத்தினுள் நிற்கும் சுடுமண் சிறுவர்கள் சற்றே நாடகத்தன்மை கொண்டவர்கள் என்பது என் எண்ணம். பெயர்களே போதும்.

விடுமுறையில் வந்தவனிடம் எதற்கு இந்தப் பாரம், அழகை அழகாகப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாளிகைகளின் செல்வம் கரும்பு வயலிலும் கொதிக்கும் பாகுக் கொப்பரைகளின் அருகிலும் பிறந்தது. உழைத்த கைகளை மறைத்துவிட்டுக் காட்டும் அழகு பாதி அழகே. 155 பேரை அடிமைகளாக வைத்திருந்தவரின் நாட்டவே மாளிகை, விடுதியாகவும் திருமண அரங்காகவும் நடந்துவந்த நிலையில், 2025 மே மாதம் எரிந்து போனது. அழுதவர்களும் உண்டு, கொண்டாடியவர்களும் உண்டு. என்னால் கொண்டாட முடியவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய சுவர்களும் அதில் எரிந்தன.

எழுத்தாளர் வாழ்ந்த இல்லங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்துமா? பொருந்தும் என்றே நினைக்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்டில் உள்ள ரோவன் ஓக் 1840களில் எழுந்த வீடு. வில்லியம் ஃபாக்னர் அதை 1930இல் வாங்கி, 1962இல் இறக்கும்வரை தம் இல்லமாக வைத்திருந்தார். 'எ ஃபேபிள்' நாவலின் கதைத் திட்டத்தை அவர் எழுதிவைத்த அறைச் சுவர் இன்றும் அப்படியே இருக்கிறது. வாசகர்கள் அதன் முன் மெய்மறந்து நிற்பதில் வியப்பில்லை. அதே வீட்டின் வரவேற்புக் கூடத்தில் 1940இல் ஓர் இறுதிச் சடங்கு நடந்தது. அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரைச் சிறுவயதில் வளர்த்த கரோலைன் பார் அம்மையாருக்கு அவரே இரங்கலுரை ஆற்றினார். 1942இல் 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். ரோவன் ஓக் செல்பவர்கள் அந்தச் சுவரைப் பார்த்த பிறகு, கூடத்திலும் சற்று நேரம் நிற்கலாம்.