களிமண் அபிஷேகம்

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். எல்லாம் முடிந்ததும் எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன் பெரியவர், என் பழைய காரைப் பதினோரு வருஷம் துடைத்த அதே கிழிந்த பனியனோடு பக்தியாகக் கிட்டே வந்தார்.

"தொடாதீங்க!"

நான் அலறிய அலறலில் மூன்றாவது மாடி மாமி எட்டிப் பார்த்தாள். பாவம், பெரியவர் முகம் சுண்டிப் போச்சு. ஆனால் நான் விஷயம் தெரிந்தவன் ஆச்சே! கார் பெயிண்ட்டுக்கு மேலே 'க்ளியர் கோட்' என்று நிறமில்லாத ஒரு படலம் உண்டு. பருமன் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. (எனக்கு அதுவும் கம்மி என்பது வேறு விஷயம்.) மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஓட்டும்போது விழுவதில்லை, துடைக்கும்போதுதான் விழுகின்றன. துணியில் ஒரே ஒரு மணல் போதும்.

ஞாயிறு காலை, வெயில் வருமுன் நானே களத்தில் இறங்கினேன். முதலில் ஹோஸ் பைப்பால் மண்ணை ஓட விட்டேன். அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் கையுறையை அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூ.

"பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இருக்கே?" என்றாள் மனைவி. அது கார் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும் என்று விளக்கினேன். "பாத்திரத்துக்கு ஒரு நாளாவது இவ்வளவு யோசிச்சிருக்கீங்களா?" உள்ளே போய்விட்டாள்.

ஈரம் துடைத்ததும் பிரெட் சுற்றி வந்த பாலிதீன் உறைக்குள் கையை விட்டுப் பானெட்டைத் தடவினேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு! புதுக் காரில் எப்படி என்கிறீர்களா? தொழிற்சாலையிலிருந்து நம் வாசலுக்கு வருமுன் திறந்தவெளியில் நின்றதில் இரும்புத் தூளும் தூசியும் பதிந்துவிடுகின்றன. அதைப் பிடுங்கத்தான் களிமண். பிள்ளையார் பிடிக்கிற களிமண் இல்லை. சோப்புக்கட்டி மாதிரி விற்கிறார்கள். பூரி அளவுக்குத் தட்டி, ஷாம்பூ தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் வழுக்க விட வேண்டும். அழுக்கானால் மடித்துப் பிசைந்து மறுபடி தட்டலாம். ஆனால் கீழே விழுந்தால் நேரே குப்பைக்கூடைதான்.

விழுந்தது.

டிரைவர் பக்கக் கதவு ஒன்றுதான் பாக்கி. கட்டியின் விலை நினைவுக்கு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எடுத்து ஊதினேன். வேட்டியில் துடைத்தேன். தேய்த்தேன்.

சர்ர்ர்...

ஒரு சாண் நீளம்! அறுபது மாதத் தவணையில் முதல் மாதம்கூடக் கட்டவில்லை. பிரேசில் நாட்டுப் பனை ஓலையில் எடுக்கிற கார்னாபா மெழுகை மெல்லிசாகப் பூசி, பூத்தாற்போல் வெளுத்ததும் துடைத்தேன். கார் மின்னியது. கோடும் சேர்ந்து மின்னியது.

பெரியவர் மெதுவாக வந்து குனிந்து பார்த்தார்.

"பதினோரு வருஷம் தொடைச்சேன். பழைய வண்டில இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சா சார்?"

இருந்தது. நூறு இருந்தது. வாய் வரவில்லை. மைக்ரோஃபைபர் துணியை நீட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இதால காரையா தொடைக்கிறது? தோள்ல போட்டுக்கலாம் போல இருக்கே!"

போட்டுக்கொண்டுதான் போனார்.