ரிங் போகுது, குரல் வரல... பழவேற்காடு முகத்துவாரமும் சர்வர் ஃபயர்வாலும்!

பழவேற்காடு மீனவர்களுக்கு முகத்துவாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரியும் வங்கக் கடலும் சேரும் அந்த இடத்தில் மணல் மேடு தட்டினால் படகு போவதும் கஷ்டம், திரும்புவதும் கஷ்டம். அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

இன்டர்நெட் வழி குரல் அழைப்புகளுக்கும் இப்படி ஒரு முகத்துவாரம் உண்டு. அதுதான் சர்வர் ஃபயர்வால். செலவு குறைவு என்பதால் உதவி மையங்கள் பலவும் இந்த அழைப்பு முறைக்கு மாறுகின்றன. ஆனால் ரிங் போகும், எடுப்பார்கள், 'ஹலோ... கேக்குதா?' என்பதோடு நின்றுவிடும். பழி உடனே 'கிராமத்துல நெட் சரியில்ல' என்று மீனவர் பக்கம் போகும். பல நேரங்களில் தப்பு சர்வர் பக்கம்தான்.

ஒரு அழைப்பு, இரண்டு பாதை

அழைப்பை ஏற்படுத்தும் வேலை 'சிப்' என்ற நெறிமுறையுடையது. இது வழக்கமாக 5060-ம் போர்ட்டில் நடக்கும். குரல் போவது வேறு பாதையில்: 'ஆர்டிபி'. பிரபலமான ஆஸ்டரிஸ்க் மென்பொருளின் மாதிரி அமைப்பில் இதற்கு 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகள். 5060-ஐ மட்டும் திறந்துவிட்டு 'வேலை முடிஞ்சுது' என்றால், ரிங் வரும், குரல் வராது.

ஒரு பக்கம் மட்டும் கேட்பது ஏன்?

ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வர், '192.168' என்று தொடங்கும் தன் உள் முகவரியையே எதிர்முனைக்குச் சொல்லிவிடுகிறது. ஊர் பெயர் இல்லாமல் வீட்டு நம்பர் மட்டும் எழுதிய கடிதம் மாதிரி, குரல் வந்து சேராது. அழைப்பு சரியாக 32 நொடியில் கட் ஆகிறதா? பெரும்பாலும் 'எடுத்தாச்சு' என்பதை உறுதி செய்யும் தகவல் வழியில் சிக்கியிருக்கும்.

என்ன செய்யலாம்?

* சர்வரில் பொது ஐபி முகவரியைக் குறிப்பிடுங்கள்.
* சர்வரில் உள்ள ஆர்டிபி எல்லையும் ஃபயர்வாலில் திறந்த எல்லையும் ஒன்றாக இருக்கட்டும்.
* ரூட்டரில் 'சிப் ஏஎல்ஜி' வசதி இருந்தால் அணைத்துப் பாருங்கள். உதவ வந்த அதுவே பல இடங்களில் குழப்பும்.
* பிரவுசர், ஆப் வழி அழைப்புகளுக்கு 'டர்ன்' சர்வர் வையுங்கள். நேர்வழி அடைபட்டால் குரலை அது கடத்திவிடும்.

எல்லாத்தையும் திறந்துட்டா?

கூடவே கூடாது. உலகத்துக்கே திறந்த 5060-ஐ ரோபோக்கள் தேடி வந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும். மாட்டினால், வெளிநாட்டு அழைப்புகளின் பில் உங்கள் தலையில். எனவே சேவை நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் அந்தக் கதவைத் திறப்பதே சரி.

ஒரு அழைப்பின் விலை

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் புதுச்சேரி அருகே உள்ள நல்லவாடு கிராமத்துக்கு போன் செய்து எச்சரித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மைய ஒலிபெருக்கியில் அறிவித்ததும் மக்கள் வெளியேறினார்கள். அந்தக் குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டிருந்தால்?

அதனால்தான் மீனவர்களுக்கான எந்த உதவி எண்ணையும் திறப்பு விழாவுக்கு முன்பு, கிராமத்து மொபைல் டேட்டாவில் இருந்தே அழைத்து, இரு பக்கமும் குரல் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆபீஸ் வைஃபையில் பேசிப் பார்த்தால் போதாது. உயிர் ஆபத்துக்கு இன்டர்நெட் அழைப்பை மட்டும் நம்பவும் கூடாது. இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களும், டவர் எட்டாத கடலில் விஹெச்எஃப் கருவியின் 16-வது சேனலும் கைவசம் இருக்கட்டும்.

முகத்துவாரம் அடைபட்டால் அது படகோட்டியின் தப்பு இல்லை. ஃபயர்வால் அடைபட்டால் அழைத்தவரின் தப்பும் இல்லை.