சந்தோஷத்துக்கும் அரைப்பேர்தானா?

கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர் போடுவாங்க. நாள் முழுக்க மலையில நின்னாலும் பாதி நாளுக்குத்தான் கணக்கு. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் சபைகளில் சந்தோஷத்துக்கும் இப்படித்தான் அரைப்பேர் போடுகிறார்களோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்தவன் எப்பவும் சந்தோஷமா இருக்கணும் என்று பிரசங்கம் கேட்கிறோம். ஆனால் தப்புச் சத்தத்துக்குக் கால் தாளம் போட்டால் அது 'உலகம்'. சினிமாப் பாட்டும் உலகம், காமன் கூத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பதும் உலகம். அப்போ எதில்தான் சந்தோஷப்படுவது?

இந்தக் கண்டிப்புக்கு ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டோம். சம்பள நாளில் கசிப்புக்குப் போன காசு எவ்வளவு என்று லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சபைக்கு வந்த பிறகு குடியை விட்ட அப்பாமார் உண்டு. அம்மாமார் அந்தக் கண்டிப்பை வரவேற்றதில் ஆச்சரியமே இல்லை. குடியை வெளியே தள்ளியது சரி. அதோடு சேர்த்துத் தப்பையும் ஆட்டத்தையும் சிரிப்பையும் தள்ளியதுதான் பிழை.

தப்பை ஒதுக்கியதில் பக்தி மட்டுமா இருந்தது? சாதி வெட்கமும் இருந்தது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோப்பிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை' என்று அழைக்கப்பட்டவர், இதைத்தான் உடைத்தார். கிராமத்து மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டு வந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதை இறையியலாகவே பேசினார். ஒடுக்கப்பட்ட மக்களின் கொண்டாட்டத்தில் கடவுளுக்கு இடம் உண்டு என்று அவர் நம்பினார்.

வேதத்தைத் திறந்தாலும் இதுதான். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இயேசுவின் முதல் அடையாளம் நடப்பது கானாவூர் கல்யாண வீட்டில். யூதர்களின் சுத்திகரிப்புக்கு வைத்திருந்த 6 கற்சாடிகள் அங்கே விருந்துக்குப் பயன்படுகின்றன. அது குடிக்கு லைசென்ஸ் இல்லை. கல்யாண வீட்டுக்காரர் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டாம் என்று இயேசு நினைத்தார் என்றே நாங்கள் வாசிக்கிறோம்.

ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள். உபாகமம் அதற்குச் சொல்லும் காரணம், நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள் என்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உங்களைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. அடிமைக்கு ஓய்வு கிடையாது, விடுதலையானவருக்குத்தான் ஓய்வு. 1854இல் நம் முன்னோருக்காகத் தொடங்கிய மிஷனின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. வேலையை வைத்தே பெயர் வைக்கப்பட்ட மக்களுக்கு, வேலையில்லாத ஒரு மகிழ்ச்சியான பொழுது சும்மா கிடைத்த சலுகை இல்லை. நாங்கள் கூலி மட்டும் இல்லை, மனுஷர் என்று சொல்வது அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கு. கட்டாயச் சிரிப்பு. சாட்சி சொல்லும்போது எல்லாம் நல்லா இருக்குன்னு முடிக்கணும். லயத்துக் கூரை ஒழுகுது, கடன் நிக்குது, மனசு சரியில்லைன்னு சொன்னா விசுவாசம் குறைவு. பிலிப்பியருக்குச் சந்தோஷத்தைப் பற்றி எழுதிய பவுல், சிறையில் இருந்தபடி எழுதினார். தன் விலங்கையும் அதே கடிதத்தில் சொன்னார். துக்கத்தைச் சொல்ல இடமில்லாத சபையில் சந்தோஷம் வெறும் நடிப்பு. சம்பளம் கேட்காமல் இருக்கச் சொல்லும் சந்தோஷமும் அப்படித்தான்.

இன்னொரு கேள்வி எங்களுக்கே. ஞாயிறு யாருக்கு ஓய்வு? ஆறு நாள் கூடை சுமந்த அம்மா, ஆராதனை முடிந்து வந்து துணி துவைக்கிறார், விறகு பொறுக்குகிறார், சமைக்கிறார். நாம் ஃபோனோடு இருக்கிறோம்.

அதனால் எங்கள் யோசனை சின்னது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபை முற்றத்தில் ஒரே உலை. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்களும் இளைஞர்களும். அம்மாமார் உட்காரட்டும், பிளேன்டீ அவர்கள் கைக்கு வரட்டும். கோயிலுக்குப் போகும் பக்கத்து லயத்துக்காரரும் வரட்டும். துக்கம் உள்ளவர் அதைச் சொல்லட்டும். அப்புறம் யாராவது தப்பை எடுத்து நெருப்பில் காய்ச்சட்டும்.

பாஸ்டர், ஃபாதர், நீங்களும் வாங்க. வெங்காயம் உரிக்க ஆள் தேவை.