‘15 நாளில் காலி செய்யுங்கள்’: வீட்டு ஓனர் அனுப்பும் நோட்டீஸ் செல்லுமா? சட்டம் சொல்வது என்ன?

“அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க.” வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வரும். நான்கு நாள் கழித்து வக்கீல் நோட்டீஸ். பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி வருடத்தில் இருக்கும். புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் பழைய வீட்டு ஓனர் கையில் இருக்கும். அந்த நேரத்தில் குடியிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “15 நாள் முடிஞ்சா சாமானை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுடுவாங்களா?” என்பதுதான்.

போட முடியாது. நோட்டீஸ் எவ்வளவு கச்சிதமாக எழுதப்பட்டிருந்தாலும், அதை மட்டும் வைத்து யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்ற உத்தரவுக்கு மட்டும்தான். அதற்காக நோட்டீஸை வெறும் காகிதம் என்று டிராயரில் போட்டுவிட்டால், சில வழக்குகளில் வீடே கைவிட்டுப் போகும்.

இரண்டு சட்டங்கள்

தமிழ்நாட்டில் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. மாநகராட்சி, நகராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளில், 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் பொருந்தும். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. கிராமப்புறங்களில் 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான். வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகும்.

எல்லோரும் சொல்லும் அந்த ‘15 நாள்’ கணக்கு, 1882 சட்டத்தின் 106-வது பிரிவில் இருந்து வருகிறது. அக்ரிமென்ட்டில் வேறு எதுவும் சொல்லவில்லை என்றால், வீட்டு வாடகை மாதத்துக்கு மாதம் தொடர்வதாகக் கருதப்படும். அதை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். அக்ரிமென்ட்டில் 2 மாத நோட்டீஸ் என்று எழுதியிருந்தால் 2 மாதம்தான். அங்கே 15 நாளைப் பிடித்துக்கொண்டு ஓனர் பேச முடியாது.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். ஓனரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், குடியிருப்பவரின் வீட்டில் உள்ளவர்களிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இதெல்லாம் முடியாதபோது அந்த இடத்தில் பார்வையில் படும்படி ஒட்டலாம். இந்தப் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை. அதேபோல, ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம்.

நாள் கணக்கில் ஓட்டை இருந்தால்?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜூன் 12-ம் தேதி நோட்டீஸ் கைக்கு வருகிறது, 20-ம் தேதிக்குள் காலி செய்யச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நாள் இல்லையே, செல்லாது என்றுதான் தோன்றும். முன்பு இப்படிப்பட்ட தேதிக் குழப்பங்களாலேயே வழக்குகள் தள்ளுபடியாகின. 2003-ல் வந்த திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. 15 நாள் என்பது நோட்டீஸ் கிடைத்த நாளில் இருந்து எண்ணப்படும். நோட்டீஸில் குறைவான நாள் எழுதியிருந்தாலும், உரிய காலம் முடிந்த பிறகு ஓனர் வழக்குப் போட்டால், அந்தக் குறைக்காக மட்டும் நோட்டீஸ் செல்லாமல் போகாது. ஜூன் 12 நோட்டீஸுக்கு ஜூலை 10-ல் வழக்கு வந்தால் “நாள் பத்தாது” என்ற வாதம் நிற்காது.

நகர்ப்புற வீடுகளில் இன்னொரு படி மேலே. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், 1979-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, மாநில வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேற்றக் கோரும்போது 106-வது பிரிவு நோட்டீஸே தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, சென்னையிலோ மதுரையிலோ குடியிருப்பவர் பார்க்க வேண்டியது நோட்டீஸில் இருக்கும் தேதியை விட, அதில் சொல்லப்படும் காரணத்தை. வெறுமனே “எனக்கு வீடு வேணும்” என்று எழுதினால் போதாது; சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றை வாடகை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, எச்சரித்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானம் ஆகியவை அந்தக் காரணங்களில் அடங்கும். சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடாததும் ஒரு காரணம். “அக்ரிமென்ட் எதுக்கு, நம்ம ஓனர் நல்லவர்” என்று இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. 11 மாத அக்ரிமென்ட் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்தால், அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் அதிகபட்சம் 6 மாதம் வரைதான் நீண்டதாகக் கருதப்படும்.

அலட்சியம் செய்யவே கூடாத நோட்டீஸ்

வாடகை பாக்கி கேட்டு வரும் நோட்டீஸ்தான் அது. 2 மாத பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால், கிடைத்ததில் இருந்து ஒரு மாதம் அவகாசம். அதற்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் ஓனரிடம் கொடுத்துவிட்டால், அல்லது வாடகை நீதிமன்றத்தில் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. ஆனால் இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை தப்பியவர், அடுத்த ஒரு வருடத்தில் மறுபடியும் தொடர்ந்து 2 மாதம் வாடகை தவறினால் சலுகை கிடைக்காது.

“அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவது நம் ஊரில் சகஜம். ஓனர் சம்மதித்தால் அதை எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. பிறகு கோர்ட்டில் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

சில ஓனர்கள் வேறு ரூட்டில் வருவார்கள்; வாடகையையே வாங்க மாட்டார்கள், பிறகு பாக்கி என்பார்கள். அப்போது மணியார்டரிலோ வங்கி வழியாகவோ வாடகையைத் தொடர்ந்து அனுப்ப வேண்டும். 2 மாதம் அனுப்பியும் ஏற்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

பூட்டுப் போட்டால்?

நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டது என்று தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இணைப்பை உடனே திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு வாங்கலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் காவல் நிலையத்துக்கும் கிடையாது. “ஸ்டேஷனுக்கு வாங்க, பேசி முடிச்சிடலாம்” என்று கூப்பிட்டு, காலி செய்வதாக எழுதி வாங்கப் பார்த்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

வெளியூர் போய் வருவதற்குள் பூட்டை மாற்றிவிட்டால், 1963-ம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவு கைகொடுக்கும். சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்றப்பட்டதைக் காட்டினால் போதும். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் கோர்ட் போகாது. இடத்தைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடும். ஆனால் வெளியேற்றிய நாளில் இருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு “பேசிப் பார்க்கலாம்” என்று நாளைக் கடத்தினால் இந்த வழி அடைபட்டுவிடும்.