பெண் கூலி

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைகின்ற நிலம் 14,707 ஏக்கர் என்று கணக்குச் சொல்லப்படுகின்றது. இதில் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்களும் களை பறிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்களேயாவார்கள். வரப்பு வெட்டுகிறவன் ஆண். வேலை முடிந்து பணம் எண்ணும்போது மாத்திரம் ஆண் கூலி என்றும் பெண் கூலி என்றும் இரண்டு கூலி ஏற்பட்டு விடுகின்றது.

காரணம் கேட்டால் "பெண்கள் வேலை லேசான வேலை" என்கிறார்கள். அந்த லேசான வேலையை இந்தக் கனவான்கள் ஒரே ஒரு நாள் குனிந்து செய்து பார்க்கட்டுமே! ஏலத்தோட்டக் கதையோ இதைவிட வேடிக்கை. கம்பத்திலிருந்து குமுளி வழியாகவும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் அடைபட்டு மலையேறுகிற பெண்கள், செடியின் அடியில் உட்கார்ந்து பக்குவமான காயாகப் பார்த்து எடுக்கவேண்டும். இதற்குப் பெண்கள் விரல்தான் சரி, ஆண்களுக்கு அந்த நிதானம் வராது என்று தோட்டக்காரர்களே சொல்லுவார்கள். ஆண்களுக்கு வராத வேலைக்குக் கூலி அதிகமிருக்க வேண்டுமா, குறைவாயிருக்க வேண்டுமா என்று கேட்கின்றோம். கட்டிட வேலையிலோ பெயரிலேயே கூலியை எழுதி வைத்துவிட்டார்கள். ஆண் நிமிந்தாள், பெண் சித்தாள். நிமிந்தாள் நாளைக்குக் கொத்தனாராகலாம். சித்தாள் கிழவியானாலும் சித்தாளே.

நிற்க, சட்டமில்லையா என்றால் இருக்கின்றது. சம வேலைக்குச் சமக் கூலி என்ற உலகத் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 1958லேயே ஒப்புக்கொண்டது. 1976ல் தனிச் சட்டமே வந்தது. 2019ல் செய்த கூலிச் சட்டத் தொகுப்பிலும் அது சேர்க்கப்பட்டது. ஆனால் சட்டம் பேசுவது ஒரே வேலை, அல்லது அதையொத்த வேலை என்பதைப்பற்றியாகும். ஆகவே நடவைப் பெண் வேலையென்றும் வரப்பை ஆண் வேலையென்றும் முதலிலேயே பிரித்து வைத்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஆளேது? வழக்கேது?

இந்தப் பித்தலாட்டம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1968ல் இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற ஊரில் போர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஆசன உறை தைத்த 187 பெண்கள், தங்கள் தையலைத் தேர்ச்சியற்ற வேலையென்று தரம் பிரித்ததை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் பயனாகச் சமக் கூலிச் சட்டம் இரண்டே வருஷத்தில், 1970ல் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் தையல் தேர்ச்சியுள்ள வேலைதான் என்று ஒப்புக்கொள்ள 1984 வரையில் ஆயிற்று!

2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வைத்தார்கள். தமிழ்நாட்டில் அவ்வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். உடனே நிலக்காரர்கள், பெண்கள் சோம்பேறியாய்விட்டார்கள், நடவுக்கு ஆள் இல்லை என்று ஓலமிட்டார்கள். அந்தக் கூலியைத் தங்கள் வயலிலும் கொடுத்துப் பார்ப்போமென்று எத்தனை பேருக்குத் தோன்றிற்று?

தோழர்களே! நம்மிலும் நிலமுள்ளவர்கள் இருக்கிறீர்கள். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வயலில் இரண்டு கூலி கொடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள், நமக்குத் தெரியாமலில்லை. வருகிற முதல் போக நடவுக்கு யார் யார் ஒரே கூலி கொடுக்கப்போகிறீர்கள்? ஊரையும் கூலி விகிதத்தையும் குறித்து எழுதியனுப்புங்கள், பிரசுரிக்கின்றோம். கூலி வாங்கிய பெண்களின் கையெழுத்தும் அதிலிருக்க வேண்டும்.