படத்தைக் கண்டு பயந்தவர்கள்

படம் பிடித்தவரைப் பிடித்துச் சிறையிலிட்டால் படங்கள் வாய் மூடிவிடுமா? வங்கதேசப் புகைப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம், சாலைப் பாதுகாப்பு கேட்ட மாணவர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்துப் பேட்டி தந்தார். 2018 ஆகஸ்டில் கைது. 100 நாட்களுக்கு மேல் சிறை!

மறு ஆண்டே நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகம் அவருடைய பல்லாண்டுப் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால், நம் நெஞ்சைத் தொடுவது 2010இல் டாக்காவில் நடந்தது. அதிரடிப்படை விசாரணையின்றிச் சுட்டுக்கொன்றோரைப் பற்றிய படங்களைத் தம் கூடத்தில் மாட்டினார். போலீசார் வாயிலை மறித்தனர். வீதியிலேயே திறப்பு விழா நடந்தது!

தோழர்களே, அந்தப் படங்களில் பிணம் காட்டப்படவில்லை. கொலைகளை நினைவூட்டும் இடங்களும் பொருள்களுமே இருந்தன. இருட்டில் ஒரு நெல்வயல். அதற்கே வெலவெலத்தது ஆட்சி!