கழிவில் கிடக்கும் வெள்ளி

திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர் ஊர்ப்புறங்களில் கொட்டிக் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்த பிறகு, கேரள அதிகாரிகளே லாரிகளுடன் சென்று அதை அள்ளி வந்தனர். அன்று எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் மருத்துவமனைகளிலிருந்து வெளியேறும் இன்னொரு வகைக் கழிவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது வேண்டாமென்று பிற ஊரில் தள்ளப்படும் கழிவல்ல. விலை கொடுத்து வாங்கப்படும் கழிவு. காரணம், அதில் வெள்ளி இருக்கிறது. சிறிதளவு தங்கமும் பிளாட்டினமும்கூட இருக்கின்றன.

பழைய எக்ஸ்ரே படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளிதான். நூறு கிலோ படத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை வெள்ளி உண்டு. 2025-இல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படம் கழுவும் திரவத்திலும் வெள்ளி கரைந்து நிற்கிறது. பழுதான கருவிகளின் சர்க்யூட் போர்டுகளில் தங்க முலாம் இருக்கிறது. இதயத்துக்குத் துடிப்பூட்டும் பேஸ்மேக்கரின் கம்பி நுனியில் பிளாட்டினம் இருக்கிறது. எக்ஸ்ரேயைக் கணினித் திரையில் பார்க்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் பழைய படங்கள் நம் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கத்தான் செய்கின்றன.

இந்நகரில் வீடு வீடாகச் சென்று பழைய பொருள் எடுக்கும் தொழிலில், இங்குள்ளவர்கள் 'ஆக்ரி' என்று சொல்லும் அந்தத் தொழிலில், நம்மவர் பலர் இருக்கின்றனர். இத்தொழிலின் கீழ்ப்படியில் நாடெங்கும் நடப்பது ஒன்றுதான். படத்தை எரித்துச் சாம்பலில் வெள்ளி தேடுகிறார்கள். போர்டை ஆசிட்டில் ஊற வைக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் இவ்வேலையின் கரும்பொடி ஆற்றங்கரை வரை படிந்திருக்கிறது. உலோகத்தின் லாபம் மேலே போகிறது. புகையும் இருமலும் கீழே உள்ளவனுக்கு மிஞ்சுகின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 1987-இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமொன்றிலிருந்து இருவர் ஒரு கருவியை எடுத்து வந்து பழைய பொருள் கடையில் விற்றனர். அதனுள் இருந்தது சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள். 249 பேர் பாதிக்கப்பட்டனர். 6 வயதுச் சிறுமி உட்பட 4 பேர் இறந்தனர். எடைக்கு வாங்கியவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், எக்ஸ்ரே திரவத்திலிருந்து பயனுள்ளதைப் பிரித்த பிறகே அதைக் கழிவுநீரில் சேர்க்கலாம் என்கின்றன. உடலில் பொருத்தப்பட்ட உலோக உறுப்புகளைக் கிருமி நீக்கிய பின்னரே மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளோ, உடலில் பொருத்தியவையும் நோய்த்தொற்று உள்ளவையும் தவிர்த்த மருத்துவக் கருவிகளைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளன. அதே விதிகள் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் ஒரு கடமையை வகுத்துள்ளன. இக்கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும். குழுக்களாக அமைய உதவ வேண்டும். தொழிற்பயிற்சி தர வேண்டும். அவர்களுடைய உடல்நலத்தை ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும்.

நாம் கேட்பது இந்தக் கடைசி விதியை நிறைவேற்றுங்கள் என்பதே. மருத்துவக் கழிவின் கிருமியை எரிக்காமலே போக்கும் 'ஸ்ருஜனம்' என்ற இயந்திரத்தை உருவாக்கி, 2025 பிப்ரவரியில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அமைத்தது, இதே நகரத்துப் பாப்பனங்கோட்டில் உள்ள மத்திய அரசின் ஆய்வகம். அத்தகைய அறிவு குடியிருக்கும் ஊரில், ஒரு துண்டு வெள்ளிக்காக ஒருவர் நச்சுப் புகையை விழுங்க வேண்டியதில்லை. மின்னணுக் கழிவு சேகரிக்க கிளீன் கேரளா கம்பெனி என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. ஆக்ரித் தொழிலாளியை விரட்டாமல் அதனுடன் இணைத்துவிட்டால், பொருளும் முறையாகப் போய்ச் சேரும். அவர் பிழைப்பும் கெடாது. பிறமாநிலத்தவர் என்ற காரணத்தால் பதிவேட்டில் அவர் பெயர் விடுபடக் கூடாது.

நம்மவர் செய்ய வேண்டியதும் உண்டு. எக்ஸ்ரே படத்தை அடுப்பங்கரையிலோ கொல்லையிலோ எரிக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து வரும் கருவி எதுவானாலும், என்னவென்று தெரியாமல் உடைக்காதீர்கள். எங்கிருந்து வந்தது, கிருமி நீக்கியதா என்று கேட்டு, எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கிற வெள்ளியைவிட மூச்சு விலை கூடியது.